யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது? கீப்பர் லீக் பேஸ்பாலில் தக்கவைப்புக் கணக்கு

ஃபேண்டஸி பேஸ்பாலில் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு லீக் நடத்துவார்கள். அமெரிக்காவின் மேஜர் லீக்கில் நிஜமாக ஆடும் வீரர்களிலிருந்து ஒவ்வொருவரும் தமக்கென ஓர் அணியைப் பொறுக்கிக்கொள்வார்கள். அந்த வீரர்கள் மைதானத்தில் அடிப்பதும் ஓடுவதும் பந்து வீசுவதும் இவர்கள் கணக்கில் புள்ளிகளாக ஏறும். பெரும்பாலான லீக்குகளில் பருவம் முடிந்ததும் அணிகள் கலைந்துவிடும். அடுத்த ஆண்டு எல்லாம் புதிதாகத் தொடங்கும். கீப்பர் லீக்கில் அப்படி இல்லை. ஒவ்வோர் அணியும் சில வீரர்களை அடுத்த பருவத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். ஐ.பி.எல். பெரிய ஏலத்துக்கு முன் அணிகள் வெளியிடும் தக்கவைப்புப் பட்டியலைப் பார்த்து வாதாடியவர்களுக்கு இதன் ருசி உடனே பிடிபடும்.

யாரை வைத்துக்கொள்வது என்ற கேள்விக்குப் பலரும் சொல்லும் பதில், “நம் அணியின் சிறந்த வீரர்களை” என்பதுதான். சில லீக்குகளில் அது சரியான பதில்தான். ஆனால் பெரும்பாலான லீக்குகளில் வீரரோடு அவருடைய விலையும் சேர்ந்தே வருகிறது. தகுதியைவிடக் குறைந்த விலையில் யார் நம் கையில் இருக்கிறார் என்று பார்ப்பதே அங்கே முதல் வேலை. வயது, காயம், திறமை, நம்பிக்கை ஆகிய மற்றவை எல்லாம் அந்தத் தகுதியை மதிப்பிடும் வழிகள். இந்தக் கேள்வியின் பல பக்கங்களையும் ஒருசேரப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

விளையாட்டின் பிறப்பு

நிஜ வீரர்களின் புள்ளிகளை வைத்துப் போட்டி நடத்தும் எண்ணம் பழையது. சமூகவியலாளர் வில்லியம் கேம்சன் 1960இல் ஹார்வர்டில் தம் நண்பர்களுடன் ‘பேஸ்பால் செமினார்’ என்ற பெயரில் இப்படி ஒன்றை நடத்தினார். பிறகு அவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது அந்த ஆட்டமும் கூடவே போனது. அங்கே படித்த டேனியல் ஓக்ரெண்டின் காதில் அது விழுந்தது. பத்திரிகையாளரான ஓக்ரெண்ட் 1980இல் நியூயார்க்கில் நண்பர்களைக் கூட்டித் தம் சொந்த விதிகளோடு ஒரு லீக்கைத் தொடங்கினார். அவர்கள் கூடிச் சாப்பிட்ட ‘லா ரோட்டிசெரி ஃபிரான்செய்ஸ்’ என்ற உணவகத்தின் பெயரால் அது ரோட்டிசெரி லீக் ஆயிற்று.

ஓக்ரெண்டின் புதுமை ஏலம். ஓர் அணிக்கு 260 டாலர், அதில் 23 வீரர்கள் என்பது அதன் வழக்கமான அளவாயிற்று. மட்டை பிடிக்கும் ஹிட்டர்களுக்குப் புள்ளி கணக்கிட நான்கு பிரிவுகள், பந்து வீசும் பிட்ச்சர்களுக்கு நான்கு பிரிவுகள். பின்னாளில் ஓட்டங்களும் ஸ்ட்ரைக் அவுட்டுகளும் சேர்ந்து ஐந்துக்கு ஐந்து ஆனது. ஒரு வீரரை வாங்கிய விலையிலேயே மறு ஆண்டும் வைத்துக்கொள்ளும் உரிமையும், நீண்ட ஒப்பந்தம் போட்டால் ஆண்டுக்கு 5 டாலர் கூடும் என்ற நிபந்தனையும் அந்த விதிகளில் இருந்தன. ஆக, கீப்பர் சிக்கல் இந்த விளையாட்டோடு கூடவே வளர்ந்தது.

இன்று மூன்று வகை லீக்குகள் பரவலாக உள்ளன. முதல் வகையில் வாங்கிய ஏல விலைக்கோ, அதைவிடச் சில டாலர் கூடுதலாகவோ வீரரை வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் வகையில் ஏலம் கிடையாது. சுற்றுச் சுற்றாக ஆள் எடுக்கும் டிராஃப்ட். வைத்துக்கொள்ளும் வீரருக்கு ஈடாக, அவரை எடுத்த சுற்றையோ அதற்கு ஓரிரு சுற்று முந்தியதையோ விட்டுக்கொடுக்க வேண்டும். மூன்றாம் வகையில் விலையே இல்லை. இத்தனை பேர் என்ற வரம்பு மட்டும். இந்த மூன்றாம் வகையில் மட்டுமே “சிறந்தவர்களை வைத்துக்கொள்” என்பது அப்படியே பொருந்தும். அங்கும் அடுத்த ஆண்டை மட்டும் பார்ப்பதா, ஐந்து ஆண்டுகளைப் பார்ப்பதா என்ற கேள்வி மிச்சம் இருக்கும்.

உபரி எவ்வளவு?

ஓர் எளிய கணக்கு. உங்கள் அணியில் 45 டாலர் பெறுமானமுள்ள நட்சத்திரம் ஒருவர் 44 டாலருக்கு இருக்கிறார். 20 டாலர் பெறுமானமுள்ள இளைஞர் ஒருவர் 3 டாலருக்கு இருக்கிறார். நட்சத்திரத்தால் கிடைக்கும் உபரி 1 டாலர், இளைஞரால் 17. ஏலத்தில் அந்த 17 டாலரைக் கொண்டு இன்னொரு நல்ல வீரரை வாங்கலாம். கீப்பர் லீக்கின் அடிப்படைக் கணக்கு இதுதான்.

இந்தக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் சறுக்கும். முதலாவது, இட வரம்பு. பதினைந்து பேரை வைத்துக்கொள்ளலாம் என்றால் 5 டாலர் உபரி தருபவரும் உள்ளே வரலாம். மூன்றே பேர் என்றால் ஒவ்வோர் இடமும் தங்கம். சில்லறை உபரிக்கு அங்கே இடமில்லை. இரண்டாவது, லீக்கின் ஆழம். மேஜர் லீக்கின் இரு பிரிவுகளான அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டின் வீரர்களையும் சேர்த்து எடுக்கும் பத்து அணி லீக்கில் 6 டாலர் பெறுமான வீரர்கள் பருவத்தின் நடுவில் யாரும் தொடாமல் கிடப்பார்கள். அப்படிப்பட்ட ஒருவரை 1 டாலருக்கு வைத்திருப்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அமெரிக்கன் லீக் வீரர்களை மட்டுமே எடுக்கும் பன்னிரண்டு அணி லீக்கிலோ தினமும் ஆடும் எந்த ஹிட்டரும் அரிய சரக்கு. அங்கே அந்த 1 டாலர் வீரர் உண்மையான சொத்து.

ஏலத்தில் விலை ஏறும்போது

தக்கவைப்பு முடிந்தபின் நடக்கும் ஏலத்தில் விலைகள் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்கும். காரணம் எளிது. மலிவான வீரர்களை எல்லாரும் முன்பே பத்திரப்படுத்திவிட்டார்கள். கையில் மிஞ்சிய பணமோ அதிகம், வாங்கக் கிடைக்கும் திறமையோ குறைவு.

பன்னிரண்டு அணிகள், அணிக்கு 260 டாலர், மொத்தம் 3,120. எல்லா அணிகளும் வைத்துக்கொண்ட வீரர்களின் விலை 700 டாலர், அவர்களின் உண்மையான பெறுமானம் 1,200 டாலர் என்று கொள்வோம். மிச்சப் பணம் 2,420. மிச்சத் திறமையின் பெறுமானம் 1,920. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.26. அதாவது 26 விழுக்காடு விலையேற்றம். 40 டாலர் வீரர் ஏலத்தில் 50 டாலருக்குப் போவார்.

இந்த எண் தெரிந்தவுடன் முந்தைய கணக்கு புரண்டுவிடுகிறது. 40 டாலர் பெறுமான வீரர் உங்களிடம் 44 டாலருக்கு இருக்கிறார் என்று வையுங்கள். பார்வைக்கு 4 டாலர் நட்டம், விட்டுவிடத் தோன்றும். ஆனால் அவரை ஏலத்தில் மறுபடி பிடிக்க 50 டாலர் வேண்டும். உண்மையில் அவரால் 6 டாலர் ஆதாயம். விலையேற்றம் எல்லார் மீதும் சமமாகப் படிவதும் இல்லை. 2 டாலர் வீரருக்கு யாரும் இரண்டரை டாலர் கேட்க முடியாது. மிச்சப் பணமெல்லாம் மேல்தட்டு வீரர்கள் பக்கமே சாயும். ஆகவே சக அணிகள் மலிவான வீரர்களை மொத்தமாக வைத்துக்கொள்ளும் லீக்கில், கொஞ்சம் விலை கூடிய நட்சத்திரத்தையும் விடாமல் வைத்துக்கொள்வதில் நியாயம் உண்டு. மற்ற அணிகள் யாரை வைத்துக்கொள்ளும் என்று ஊகிக்காமல் தன் பட்டியலை மட்டும் பார்ப்பவர் பாதிக் கணக்கைத்தான் போட்டிருக்கிறார்.

டிராஃப்ட் லீக்கிலும் இதே தருக்கம் வேறு உருவில் வரும். முதல் சுற்றுக்கும் மூன்றாம் சுற்றுக்கும் இடையிலான திறமை இடைவெளி பெரியது. பதினைந்துக்கும் பதினேழுக்கும் இடையே அது அற்பம். அதனால் சுற்றுகளின் எண்ணிக்கையை மட்டும் எண்ணி லாபம் பார்க்கக் கூடாது. முதல் சுற்று வீரரை மூன்றாம் சுற்றுக்கு வைத்திருப்பது, பதினைந்தாம் சுற்று வீரரை இருபதாம் சுற்றுக்கு வைத்திருப்பதைவிடப் பன்மடங்கு மேல்.

பெறுமானத்தை எப்படி அறிவது?

விலை கையில் இருக்கிறது, பெறுமானம்தான் ஊகம். தக்கவைப்பு முடிவு ஒரு பருவம் முடிந்த சூட்டில் எடுக்கப்படுவதால், சென்ற ஆண்டுப் புள்ளிகளே கண்ணை மறைக்கும். இதற்கு மருந்தாக டாம் டாங்கோ வகுத்த ‘மார்செல்’ முறையைச் சொல்லலாம். ஹிட்டர்களுக்குக் கடந்த மூன்று ஆண்டுகளை 5, 4, 3 என்ற எடைகளில் சேர்த்து, அதை லீக் சராசரியை நோக்கிச் சற்று இழுத்து, வயதுக்குச் சிறு திருத்தம் செய்வதோடு அது முடிந்துவிடும். நேட் சில்வர் உருவாக்கிய ‘பெகோட்டா’, டான் சிம்போர்ஸ்கியின் ‘ஜிப்ஸ்’, ‘ஸ்டீமர்’ போன்ற விரிவான கணிப்புகளும் இதே அடித்தளத்தில் நிற்பவைதான். ஒற்றைப் பருவத்தை நம்பாதே, சராசரியின் இழுப்பை மறக்காதே என்பதே அவை எல்லாம் சொல்லும் பாடம்.

அதிர்ஷ்டத்தைப் பிரித்தறியும் கருவிகளும் உண்டு. களத்துக்குள் விழும் பந்துகள் ஹிட் ஆவதில் பிட்ச்சரின் கட்டுப்பாடு நினைத்ததைவிட மிகக் குறைவு என்று வோரோஸ் மெக்ராக்கன் 2001இல் எழுதியது பெரும் விவாதத்தைக் கிளப்பியது. 2015 முதல் எல்லா மேஜர் லீக் மைதானங்களிலும் ‘ஸ்டாட்காஸ்ட்’ கருவிகள் பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் வேகத்தையும் கோணத்தையும் அளக்கின்றன. .240 சராசரியோடு தடுமாறியவர் பந்தை வலுவாகத்தான் அடித்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தால், மற்றவர்கள் கைவிடும் நேரத்தில் அவரைத் துணிந்து வைத்துக்கொள்ளலாம்.

சியாட்டில் கேட்ச்சர் கால் ராலே நல்ல எடுத்துக்காட்டு. 2022இல் 27, 2023இல் 30, 2024இல் 34 என்று படிப்படியாக ஏறிய அவரது ஹோம் ரன் எண்ணிக்கை 2025இல் 60 ஆனது. கேட்ச்சர் எவரும் அதற்கு முன் அந்த உயரத்தைத் தொட்டதில்லை. மறுபடியும் 60 என்று எதிர்பார்த்து அவருக்கு விலை கொடுப்பது சூதாட்டம். பழைய மலிவு விலையில் அவரை வைத்திருப்பவருக்கோ அந்தக் கவலையே இல்லை; 35 அடித்தாலும் அவருக்கு லாபம். ஒரே வீரர் ஒருவருக்குக் கட்டாயத் தக்கவைப்பாகவும் இன்னொருவருக்குக் கண்ணியாகவும் இருக்கலாம்.

வயது

ஹிட்டர்களின் உச்சம் 27 வயதில் என்று பில் ஜேம்ஸ் 1980களின் தொடக்கத்திலேயே வாதிட்டார். பின்னர் வந்தவர்கள் அதை 28, 29 என்று நகர்த்தினார்கள். இன்னும் முன்னதாகவே சரிவு தொடங்குவதாகச் சொல்பவர்களும் உண்டு. சண்டைக்குக் காரணம், முப்பதைத் தாண்டியும் ஆடிக்கொண்டிருப்பவர்கள் ஏற்கெனவே சலித்தெடுக்கப்பட்டவர்கள் என்பதுதான். மங்கியவர்கள் ஆட்டத்தை விட்டே போய்விடுவதால் சராசரி ஏமாற்றும். கீப்பர் முடிவுக்கு உச்ச வயதைவிட முக்கியமானது, எந்தத் திறமை எப்போது தேயும் என்பது. கால் வேகம் முதலில் போகும். அடிக்கும் வலு பிந்தித் தேயும். பந்தைப் பார்த்து விடும் பொறுமை வயதோடு வளரக்கூடச் செய்யும். ஆகவே கால் வேகத்தால் வரும் ஸ்டோலன் பேஸை நம்பி விலை பெற்ற முப்பது வயதுக்காரர், ஹோம் ரன்னை நம்பி விலை பெற்ற அதே வயதுக்காரரைவிட ஆபத்தான கீப்பர்.

பிட்ச்சர்கள்: முழங்கை என்னும் சாபம்

1974இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்ச்சரின் முழங்கையில் செய்த தசைநார் மாற்று அறுவை இன்று அந்த வீரரின் பெயராலேயே வழங்குகிறது. அதற்குப் பின் களம் திரும்ப ஓராண்டுக்கு மேல் ஆகும். 2022இல் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருது பெற்ற சாண்டி அல்காண்டரா அந்த அறுவையால் 2024 முழுவதையும் இழந்தார். 2023இல் 281 ஸ்ட்ரைக் அவுட் எடுத்த ஸ்பென்சர் ஸ்ட்ரைடர், அடுத்த ஆண்டு இரண்டே ஆட்டங்களில் முழங்கைக் காயத்தோடு பருவத்தை முடித்தார். 2023இல் சை யங் வென்ற கெரிட் கோலின் 2025 பருவம் தொடங்குமுன்பே முடிந்தது. இவர்கள் யாரும் சராசரி வீரர்கள் இல்லை. அவரவர் உச்சத்தில் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு வைத்துக்கொள்ளக்கூடியவர்கள்.

அதனால் அனுபவசாலிகளின் பொது விதி ஒன்று உண்டு: உபரி சமமாக இருந்தால் ஹிட்டரை வை, பிட்ச்சரை விடு. விதிவிலக்கும் உண்டு. பிட்ஸ்பர்க்கின் பால் ஸ்கீன்ஸ் 2024இல் அறிமுகமாகி 1.96, அடுத்த ஆண்டு 1.97 என்ற சராசரியில் ஒன்பது இன்னிங்ஸுக்கு ஓட்டங்களைக் கொடுத்தார். அவரைச் சில டாலருக்கு வைத்திருப்பவர் பயந்து விடுவது மடமை. ஆனால் ஏலத்தில் உச்ச விலை கொடுத்து வாங்கி, அதே விலைக்கு மறு ஆண்டும் வைத்துக்கொள்வது வேறு கதை. முழங்கையின் ஆபத்தை முழு விலை கொடுத்துச் சுமப்பதாகும் அது.

ஹிட்டர்கள் காயமே படாதவர்கள் என்று இதற்குப் பொருளில்லை. ரொனால்ட் அகூன்யா ஜூனியர் 2023இல் 41 ஹோம் ரன்னும் 73 ஸ்டோலன் பேஸும் எடுத்து ஒருமனதாக நேஷனல் லீக்கின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வானார். 2024 மே மாதம் முழங்கால் தசைநார் கிழிந்தது. 2025இல் திரும்பி வந்து 95 ஆட்டங்களில் 21 ஹோம் ரன் அடித்தார். ஸ்டோலன் பேஸ் 9தான். வலு திரும்பியது, ஓட்டம் திரும்பவில்லை. காயத்திலிருந்து மீளும் வீரரை வைத்துக்கொள்ளும்போது “திரும்புவாரா” என்பதோடு நிற்காமல், “எந்தப் பிரிவில் திரும்புவார்” என்றும் கேட்க வேண்டும்.

ஆட்டத்தின் கடைசியில் வந்து முன்னிலையைக் காக்கும் பிட்ச்சர்களான குளோசர்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அப்படிக் காப்பதற்குக் கிடைக்கும் சேவ் என்பது திறமையோடு பதவியையும் சார்ந்தது. பயிற்சியாளர் மனம் மாறினால் பதவி போகும். 102 மில்லியன் டாலர் ஒப்பந்தம் பெற்ற எட்வின் டியாஸ், 2023 மார்ச்சில் உலக பேஸ்பால் கிளாசிக் வெற்றிக் கொண்டாட்டத்தில் முழங்கால் காயப்பட்டு அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார். மிக மலிவாக இருந்தாலொழிய குளோசரைத் தக்கவைக்க வேண்டாம்.

நாளைய நட்சத்திரங்கள்

கீப்பர் லீக்கின் போதையே இளம் வீரர்கள்தான். மைக் டிரவுட் 2011இல் 40 ஆட்டங்களில் .220 சராசரி. அதைப் பார்த்து அவரை விட்டவர்கள், 2012இல் அவர் .326 சராசரியும் 30 ஹோம் ரன்னும் 49 ஸ்டோலன் பேஸும் எடுத்ததை வேறொருவர் அணியில் பார்த்தார்கள். 2025இல் அறிமுகமான நிக் கர்ட்ஸ், ஜூலையில் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் அடித்து, 36 ஹோம் ரன்னோடு பருவத்தை முடித்தார்.

மறுபக்கமும் நீளமானது. மேஜர் லீக்கின் 2022 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜாக்சன் ஹாலிடே, 2024 ஏப்ரலில் வந்து 34 முறை மட்டை பிடித்து இரண்டே ஹிட் எடுத்து மைனர் லீக்குக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். பெரிதும் பேசப்பட்ட ஜாரெட் கெலெனிக் 2021இல் .181 சராசரிதான் எடுத்தார். இளம் வீரரை வைத்துக்கொள்வதில் செலவு ஏல விலையோடு நிற்பதில்லை. அவர் முதிரும்வரை அந்த இடம் வேறு யாருக்கும் பயன்படாமல் கிடப்பதும் செலவுதான். மைனர் லீக் வீரர்களுக்குத் தனி இடம் ஒதுக்கும் லீக்கில் காத்திருக்கலாம். இல்லாத லீக்கில், அடுத்த பருவத்திலேயே நாள்தோறும் ஆடப்போகிறவராக இருந்தால் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

சந்தை மாறும்போது

பெறுமானம் வீரரால் மட்டும் மாறுவதில்லை. 2023இல் மேஜர் லீக் பந்து வீச நேர வரம்பு வைக்கும் பிட்ச் கிளாக்கைக் கொண்டுவந்தது, பேஸ்களின் அளவை 15 அங்குலத்திலிருந்து 18 ஆக்கியது, ஓட்டக்காரரைத் தடுக்கும் வீச்சுகளுக்கு வரம்பு வைத்தது. 2022இல் 2,486 ஆக இருந்த ஸ்டோலன் பேஸ்கள் ஒரே ஆண்டில் 3,503 ஆயின. முன்பு ஓர் அணியையே தூக்கி நிறுத்திய 25 ஸ்டோலன் பேஸ், அதன் பிறகு பலரிடமும் கிடைக்கும் சரக்கானது. வேகத்துக்காகப் பழைய விலை கொடுத்து வைத்துக்கொண்டவர்கள் அந்த ஆண்டு அடி வாங்கினார்கள். அணி மாற்றம், மைதான மாற்றம், ஆடும் இடத்தின் மாற்றம் ஆகியவையும் இப்படித்தான். ஒரு வீரர் கேட்ச்சராகவோ ஷார்ட்ஸ்டாப்பாகவோ கணக்கில் வரும் தகுதியை அடுத்த ஆண்டு இழப்பாரா என்று பார்த்துக்கொள்வது ஐந்து நிமிட வேலை. பலர் அதைச் செய்வதில்லை.

மனத்தின் குறுக்கீடு

1990இல் வெளியான கானமன், நெட்ச், தாலர் ஆகியோரின் புகழ்பெற்ற ஆய்வில், காபிக் குவளையைக் கையில் பெற்றவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, பெறாதவர்கள் அதை வாங்கத் தயாராக இருந்த விலையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. நம்முடையது என்றாலே மதிப்புக் கூடிவிடுகிறது. கோப்பை வென்று தந்த வீரரை விட மனம் வராததும், நாமே முதலில் கண்டுபிடித்த இளைஞரை மூன்றாம் ஆண்டும் சுமப்பதும் இதனால்தான். இதைச் சோதிக்க ஒரு வழி: அந்த வீரர் வேறோர் அணியில் இதே விலையில் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவரைப் பெற எதையாவது கொடுப்பீர்களா? மாட்டீர்கள் என்றால், அவரை வைத்துக்கொள்ளவும் காரணமில்லை.

இதற்கு எதிர்த் திசையிலும் ஒரு பிழை உண்டு. எப்போதும் நாளையையே பார்ப்பது. பன்னிரண்டு அணி லீக்கில் சம பலமுள்ள அணிக்குப் பன்னிரண்டில் ஒரு வாய்ப்புதான். இந்த ஆண்டு அது மூன்றில் ஒன்றாகத் தெரிந்தால், 34 வயது நட்சத்திரத்தை வைத்துக்கொள்ளத் தயங்கக் கூடாது. வெல்ல வழியே இல்லை என்று தெரிந்தால், அதே நட்சத்திரத்தைப் பருவத்தின் நடுவில் கொடுத்துவிட்டு மலிவான இளைஞர்களை வாங்க வேண்டும். நடுவில் நிற்பதுதான் மோசம். ஐந்து இடங்களுக்கு எட்டு நல்ல கீப்பர்கள் இருந்தால், தேதி முடியும்வரை காத்திராமல் இரண்டைக் கொடுத்து ஒன்றாக மாற்றிக்கொள்வதே புத்திசாலித்தனம். கடைசி நாளில் உங்களிடம் உபரியாக இருப்பவர்கள் எப்படியும் விடுபடுவார்கள் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அப்போது யாரும் விலை தரமாட்டார்கள்.

முடிவாக

வேலையின் வரிசை இதுதான். முதலில் லீக் விதியைப் படியுங்கள்: எத்தனை இடம், என்ன விலை, எத்தனை ஆண்டு. பிறகு குறைந்தது இரண்டு கணிப்புகளை வைத்து ஒவ்வொருவரின் பெறுமானத்தையும் எழுதுங்கள். மற்ற அணிகளின் தக்கவைப்பை ஊகித்து விலையேற்றத்தைக் கணக்கிடுங்கள். அந்த விலையேற்றத்தோடு உபரியை மறுபடி வரிசைப்படுத்துங்கள். சம நிலையில் ஹிட்டருக்கும் இளையவருக்கும் முன்னுரிமை கொடுங்கள். பிட்ச்சருக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். கடைசியில் மிஞ்சும் பெயர்கள் உங்களுக்குப் பிடித்த பெயர்களாக இல்லாமல் போகலாம். அதற்காகப் பட்டியலைத் திருத்தாதீர்கள். ஏல லீக்கில் ஒரு வீரரை விடுவது அவரை இழப்பதாகாது. அவர் ஏலத்துக்கு வருவார். கணக்கில் கட்டுப்படும் விலைக்குக் கிடைத்தால் மறுபடி வாங்கிக்கொள்ளுங்கள், அதைத் தாண்டினால் அடுத்தவர் கொடுக்கட்டும்.